மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது கனகேஸ்வரிக்குக் குரல் வரவில்லை. ஹலோ சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து தம்பி எடுத்துக் கதைத்ததற்குப் பிறகு அவர் யாருடனும் பேசியிருக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போனார்தான். ஆனால் இப்போது கடையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? சாமானை மேசையில் வைத்தால் மெஷின் விலையைக் காட்டும். காசைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

"மிஸ், நான் நிஸாம். டிரைவர் நிஸாம். மறந்துட்டீங்களா?"

"மறக்கிறதே? சொல்லுங்கோ நிஸாம்."

"கொரல் ஒரு மாதிரி ஈக்குதே. சொகமில்லயா?"

"இப்பதான் எழும்பினனான்" என்று கனகேஸ்வரி பொய் சொன்னார். வெயில் பல்கனிக்குள் பாதித் தூரம் வந்திருந்தது.

கனகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கென்று கொழும்புக்கு வந்தவர். அரசாங்க நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். ஆற்றிலும் கிணற்றிலும் தொழிற்சாலைக் கழிவுக் கான்களிலும் தண்ணீர் எடுத்து வந்து, அதில் என்ன கிருமி இருக்கிறது, என்ன உப்பு இருக்கிறது என்று பார்ப்பது வேலை. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அம்மா போனபோது வயதும் போயிருந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் தம்பி குடும்பமும் கூட இருந்தவரைக்கும் குளியலறைக்கு வரிசையில் நிற்கவேண்டும். அவர்கள் கனடாவுக்குப் போன பிறகு மூன்று அறைகளில் இரண்டைப் பூட்டி வைத்தார். கூட்டுவதற்குக் கஷ்டம் என்று அயலவர்களுக்குச் சொன்னார்.

நிஸாம் அந்தப் பரிசோதனைக்கூடத்து ஜீப்பை ஓட்டியவர். மாதத்தில் பாதி நாட்கள் இருவருக்கும் ரோட்டில்தான் போகும். பின் சீட்டில் ஐஸ் பெட்டி குலுங்க, முன்னால் இருந்தபடி அவர் தன் மாடுகளைப் பற்றிக் கதைப்பார். கனகேஸ்வரி கேட்டுக்கொண்டு வருவார். எந்த மாடு உதைக்கும், எது கன்று இறந்த பிறகும் பால் தரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஆனால் அந்த மாடுகளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எங்கட மாட்டுப் பட்டிக்கு நோட்டிஸ் ஒண்டு வந்தீக்குது மிஸ்" என்றார் நிஸாம். "ஓடையில தண்ணி கெட்டுப் போச்சு என்டு ஆரோ பெட்டிஷன் போட்டீக்கிறாங்க. அடுத்த மாசம் வந்து தண்ணி எடுப்பாங்களாம். சரியில்லாட்டி லைசன் இல்ல. மாடு பாக்க எனக்குத் தெரியும், தண்ணி பாக்கத் தெரியா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போக ஏலுமா?"

"நாளைக்கே வாறன்" என்றார் கனகேஸ்வரி. சொன்ன பிறகுதான், கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

மட்டக்குளி பஸ் மருதானையில் நின்று நின்று ஊர்ந்தது. கொட்டாஞ்சேனை தாண்டியதும் ஜன்னலால் துறைமுகக் காற்று வந்தது. நிஸாமின் வீடு முகத்துவாரத்தில், களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு ஒழுங்கையின் முடிவில் இருந்தது. முன்னால் வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டில். அதற்கும் பின்னால் ஓடை. கொட்டிலில் இருபதுக்கு மேல் மாடுகள் நின்றன.

"வாங்க மிஸ்" என்று நிஸாமின் மனைவி நளீபா வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். "இவர் ஒங்களப் பத்திக் கதைக்காத நாளில்ல. நான் நெனச்ச நீங்க இன்னம் பெரிய ஆளா ஈப்பீங்க என்டு."

கனகேஸ்வரி சிரித்தார். யாரும் அவருடைய கையைப் பிடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கினார். கொட்டிலின் மேட்டுப் பக்கத்தில் அதை ஊற்றிவிட்டு, ஓடும் தண்ணீரின் பின்னால் நடந்தார். நிஸாம் அவருக்குப் பின்னால் நடந்தார். தண்ணீர் சீமெந்துத் தரையில் சாணத்தைக் கரைத்துக்கொண்டு போய், வெளியே குவித்திருந்த எருக்கும்பத்தின் அடியைத் தொட்டு, திறந்த கான் ஒன்றில் விழுந்து, நேரே ஓடைக்குள் போனது. கூரை விளிம்பில் மழைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலி இல்லை. மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் எருக்கும்பத்தின் மேல்தான் கொட்டும். ஓடைக் கரையில் மாடுகள் இறங்கிக் குடிக்கும் இடம் சேறாகிக் கிடந்தது.

"இதைப் பார்த்தா தண்ணி எடுக்க வாற ஆளுக்குப் போத்தலே தேவையில்லை" என்றார் கனகேஸ்வரி.

நிஸாம் தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், கடல் ஏர்ற நேரம் இந்த ஓடை மேல்பக்கம் திரும்பும். நீங்கதானே ஜீப்புல செல்லித் தந்தீங்க, அந்த நேரம் எடுத்தா எந்தப் பக்கத்து ஊத்தை என்டு கண்டுபுடிக்க ஏலா என்டு. அவங்கள அந்த நேரத்துக்கு வர வெச்சா?" என்றார்.

"நான் செய்யக் கூடாது எண்டு சொன்னதை நீங்கள் செய்யிறதுக்கெண்டு ஞாபகம் வச்சிருக்கிறியள்."

இருவரும் சிரித்தார்கள். ஜீப்பில் சிரித்தது போலவே இருந்தது.

அன்றிலிருந்து கனகேஸ்வரி இரண்டு நாளைக்கு ஒருமுறை முகத்துவாரத்துக்குப் போனார். போகவேண்டிய அளவுக்கு வேலை இருந்ததா என்றால், இல்லை. சொல்லவேண்டியதை முதல் நாளே சொல்லிவிட்டார். கழுவுவதற்கு முன்னால் சாணத்தைக் காய்ந்தபடியே வழித்து அள்ளவேண்டும். ஹோஸைக் கடைசியாகத்தான் திறக்கவேண்டும். கூரைக்குப் பீலி போட்டு மழைத் தண்ணீரைத் தனியாக வெளியே விடவேண்டும். எருக்கும்பத்தை ஓடைப் பக்கத்திலிருந்து எடுத்து, மேட்டில் சீமெந்துத் தளம் போட்டு, மேலே கூரையும் போடவேண்டும். கழுவும் தண்ணீர் அடுத்தடுத்த இரண்டு தொட்டிகளில் தங்கி மண்டி அடங்கிய பிறகுதான் வெளியே போகவேண்டும். கரைக்கு வேலி போட்டு, மாடுகளுக்குக் குடிக்கத் தொட்டி வைக்கவேண்டும்.

சீமெந்து வேலைக்கு மேசன் பாஸ் வந்தார். வேலை நடந்தது. கனகேஸ்வரி சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியின் சரிவைப் பார்த்தார். சாணம் அள்ளும் முறையை நிஸாம் பழகிக்கொள்ள நாலைந்து நாள் எடுத்தது. ஹோஸைக் கண்டால் கை தானாகப் போனது. "முதல்ல வழியுங்கோ, முதல்ல வழியுங்கோ" என்று கனகேஸ்வரி தூரத்திலிருந்து கத்துவார். தன் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதே அவருக்கு மறந்திருந்தது.

மதியம் நளீபா சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று நிற்பார். வெள்ளிக்கிழமைகளில் கனகேஸ்வரி மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்று தெரிந்ததும், ஒரு புதுச் சட்டி வாங்கி வந்து, "இதுல மீனும் எறச்சியும் போட மாட்டன் மிஸ், இது ஒங்கட" என்று காட்டினார். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அந்தச் சட்டியில் வந்தன. கனகேஸ்வரி குனிந்து சாப்பிட்டார். வீட்டில் அவர் பெரும்பாலும் நின்றுகொண்டு, அடுப்படியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்.

பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பினால் சேலையில் மாட்டு வாசம் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கனகேஸ்வரி குளிக்கப் போவதில்லை. அப்படியே கதிரையில் கொஞ்ச நேரம் இருப்பார். அந்த வாசம் போனால் வீட்டில் வேறு எந்த வாசமும் இல்லை.

வேலைகள் ஓரளவு முடிந்ததும் அவர் தானே ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பார்க்க முடிவு செய்தார். அதிகாரிகள் எடுப்பது போலவே, கடல் இறங்கும் நேரத்தில், கொட்டிலுக்கு மேலே பாலத்தடியில் ஒரு போத்தல், கொட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு அழுக்குக் கூடுகிறதோ அதுதான் கொட்டிலின் கணக்கு. மருதானையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கொதியாவியில் சுத்தம் செய்த போத்தல்கள் வாங்கி வந்தார். நிஸாம் ஐஸ் பெட்டியைத் தூக்கினார். கனகேஸ்வரி கரையில் குனிந்து, மூடியைக் கவிழ்த்துப் பிடித்தபடி, போத்தலின் வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிரப்பினார். கை பழைய வேலையை மறக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

பெட்டியில் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது. ஒன்று பழுதானாலும் என்று மேலதிகமாக வாங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பொதுக் கிணறு. அதைச் சுற்றி நாலைந்து சிறிய வீடுகள். இராமலெட்சுமி என்ற பெண் அங்கே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போகிறவர். அன்று அவருக்கு லீவு.

"கொஞ்சம் தண்ணி எடுக்கட்டே?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

"எடுத்துக்குங்க அக்கா, தண்ணிக்கு என்னா" என்று இராமலெட்சுமி வாளியை இறக்கினார்.

ஏன் எடுத்தேன் என்று பிறகு கனகேஸ்வரி பலதடவை யோசித்துப் பார்த்தார். போத்தல் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

முடிவுகள் வந்தன. ஓடைக்கு மேலேயும் கீழேயும் பெரிய வித்தியாசம் இல்லை. கொட்டில் சோதனையில் தேறும். கிணற்று முடிவைப் பார்த்தபோது கனகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மலக்கிருமி அளவில்லாமல் இருந்தது. அந்தத் தண்ணீரில் கால் கழுவவே யோசிக்கவேண்டும்.

அடுத்த நாள் கொட்டிலைச் சுற்றித் தேடினார். கன்றுகள் கட்டும் மூலைக்குப் பின்னால், வேலியோரம், பலகைகள் போட்டு மூடிய ஒரு பழைய குழி இருந்தது. நிஸாமின் வாப்பா காலத்தில் வெட்டியது. சிறுநீரும் சாணக் கரைசலும் அந்த மூலையிலிருந்து குழிக்குள் போய், மணலில் இறங்கிக்கொண்டே இருந்தன. அடிக்குக் கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. கிணறு வேலிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரம்.

நிஸாமைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"இதை இண்டைக்கே அடைக்க வேணும் நிஸாம். அந்தச் சனத்துக்கும் சொல்ல வேணும்."

"இத அடச்சா அந்தத் தண்ணி எங்க போற? புதுத் தொட்டி இதுக்கு மேல ஒரு வாளியும் தாங்காது என்டு நீங்கதானே சென்னீங்க. அப்ப பாதி மாட்ட நான் அனுப்ப வேணும்."

"ஓம். அனுப்பத்தான் வேணும்."

நிஸாம் கொட்டிலின் பக்கம் பார்த்தார். "மிஸ், அவங்க கெணத்தப் பாக்க மாட்டாங்க. நோட்டிஸ்ல ஓடை மட்டும்தான் ஈக்குது. வந்துட்டுப் போகட்டும். பொறகு ஆறுதலா செய்வம். இப்ப செல்லப் போனா அவங்க கத்துவாங்க, இன்னொரு பெட்டிஷன் போகும், முடிஞ்சி."

"அதுவரைக்கும் அந்தச் சனம் அந்தத் தண்ணியைக் குடிக்கிறதே?"

"குடிக்கிறல்ல. குழாய் ஈக்குது."

"குழாயில தண்ணி வராத நாளில?"

நிஸாம் பலகையைக் காலால் தள்ளி நேராக்கினார். நளீபா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்கோ நிஸாம். அது நல்லம். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

நிஸாமின் முகம் மாறியது. அத்தனை வருட ஜீப் பயணத்தில் கனகேஸ்வரி அந்த முகத்தைப் பார்த்ததில்லை. "ஒங்களுக்கென்ன மிஸ்" என்றார். "நீங்க ஒத்த ஆள். பென்சன் வருது. எனக்கு அப்பிடியா? இந்த மாடு நிண்டாத்தான் எங்கட வீட்ட அடுப்பு எரியும். ஒங்களுக்கு அது வெளங்காது."

கனகேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று நளீபா கூப்பிட்டது கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கண் கலங்கியிருந்தது தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து யோசித்தார். சும்மா இருந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நாள்தான். சோதனை முடிந்த பிறகு நிஸாம் குழியை அடைப்பார். அவர் பொய்யர் அல்ல. வெள்ளிக்கிழமை போய்ப் புதுச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிடலாம். மாடுகளைப் பற்றிக் கேட்கலாம். பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவருக்குப் பழக்கமானதுதான். இந்த வீட்டில் அவர் வேறு என்ன செய்கிறார்?

இரண்டு நாள் பொறுத்தார். நிஸாமிடமிருந்து அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினார். நிஸாமின் வீட்டுக் கேற்றைத் தாண்டி, பக்கத்து ஒழுங்கையால் கிணற்றடிக்குப் போனார்.

இராமலெட்சுமி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் இல்லை என்றார். மூன்று வயதுப் பேத்தி வாசற்படியில் சோர்ந்து படுத்திருந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"வயித்தால போகுதுங்க அக்கா. மருந்து குடுத்தா நிக்கும், மறுபடி வரும். ரெண்டு மூணு மாசமா இப்பிடித்தான்."

கனகேஸ்வரி கிணற்றுக் கட்டின் மேல் அமர்ந்து, தண்ணீரின் முடிவையும் வேலியோரக் குழியையும் பற்றி மெதுவாகச் சொன்னார். அரிசி களையக்கூட இந்தத் தண்ணீர் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் நன்றாகக் கொதித்து ஆறிய பிறகுதான் வாயில் வைக்கவேண்டும். பிள்ளையை இன்றைக்கே டாக்டரிடம் காட்டி, கிணற்றுத் தண்ணீர் இப்படி என்றும் சொல்லவேண்டும்.

இராமலெட்சுமி களைந்த அரிசியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கேட்டார்: "நீங்க எந்த ஆபீசுங்க?"

"ஒரு ஆபீசும் இல்லை. முந்தி இருந்தனான்."

"அப்ப ஒங்கள யாரு அனுப்புனா?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

இராமலெட்சுமி வேலிப் பக்கம் பார்த்தார். "அந்த வீட்டம்மா எங்க புள்ளைங்களுக்கு தெனமும் பால் குடுக்கறாங்க. காசு வாங்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப மொத ஆளா வந்து நின்னது நிஸாம் நானாதான். இப்ப நான் போயி என்னான்னு கேக்கறது?"

கனகேஸ்வரி கிணற்றுக் கட்டிலிருந்து எழும்பினார். "பிள்ளையைக் காட்டுங்கோ" என்று மட்டும் மறுபடி சொன்னார். போகும்போது தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்.

அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது அவருக்கு உடனே தெரியவில்லை. பிறகு நளீபாதான் தொலைபேசியில், தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று பின்னேரமே கிணற்றடிச் சனங்கள் வந்தார்கள். இராமலெட்சுமி கத்தவில்லை, அவருடைய மருமகன் கத்தினான். நிஸாம் முதலில் எதிர்த்துக் கத்தினார். பிறகு இராமலெட்சுமி பேத்தியைத் தோளில் போட்டபடி கேற்றடியில் பேசாமல் நின்றதைப் பார்த்ததும், உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அடுத்த நாள் விடிந்ததும் மேசன் பாஸைக் கூப்பிட்டுக் குழியை அள்ளி, கல்லும் மண்ணும் போட்டு மூடினார். அந்த வாரமே பாதி மாடுகளை லொறியில் ஏற்றிப் புத்தளத்தில் மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். லொறி போகும்போது அவர் வெளியே வரவில்லையாம்.

"ஒங்க மேல கோவமா என்டு இவர்ட்ட நான் கேட்ட மிஸ்" என்றார் நளீபா. "ஒண்டும் செல்லல்ல. சாப்பிடப் போய்ட்டார். நானும் மூணு நாள் ஒங்க மேல கோவமாத்தான் இருந்த. பொறகு அந்தப் புள்ளட மொகத்தப் பாத்த."

"சோதனை எப்ப?"

"வார பொதன்கெழம. மிஸ்..." நளீபா தயங்கினார். "அண்டைக்கு நீங்க வராம ஈந்தா நல்லம். இவர் அப்பிடிச் செல்லல்ல. நான்தான் செல்ற."

"வர மாட்டன்" என்றார் கனகேஸ்வரி.

புதன்கிழமை அவர் வீட்டில் இருக்கத்தான் பார்த்தார். தேங்காய் துருவினார். பூட்டிய அறை ஒன்றைத் திறந்து கூட்டினார். கடல் எப்போது இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் சேலையை மாற்றிக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினார். வீட்டுக்குப் போகவில்லையே, ரோட்டில் நிற்பதற்கு என்ன என்று பஸ்ஸுக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஓடைக்கு மேலால் போகும் சிறிய பாலத்தில், கைப்பிடிச் சுவரோரம் நின்றார். அங்கிருந்து கொட்டிலின் கூரை தெரிந்தது. புதுப் பீலி வெயிலில் மின்னியது. அதிகாரிகளின் வான் வந்து நின்றது. சரியான நேரம்தான், தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இளம் பெண் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு பாலத்தடிக்கு இறங்கினார். இன்னொருவர் ஐஸ் பெட்டியுடன் பின்னால் போனார்.

அந்தப் பெண் மூடியைக் கவிழ்த்துப் பிடித்தார். போத்தலின் வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்தார். கனகேஸ்வரி எப்படிச் செய்வாரோ அப்படியே, அவசரமில்லாமல். நல்ல வேலைக்காரி என்று கனகேஸ்வரி நினைத்தார். இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போல் இருந்தது. சுவருக்கு மேலால் எட்டிக் குனிந்தார். சுவரில் கிடந்த மண் கொஞ்சம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "அம்மே, டிக்கக் அஹக்ட வென்ன" என்றார் சிங்களத்தில், மரியாதையாக. கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார்.

"சமாவென்ன துவ" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கனகேஸ்வரி விலகினார். அந்தப் பெண் எடுத்ததை ஊற்றிவிட்டு, வேறு போத்தல் எடுத்து மறுபடி நிரப்பினார்.

சற்று நேரத்தில் அவர்கள் கொட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் போனார்கள். நிஸாம் கரையில் வெள்ளைச் சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். ஜீப்புக்குப் பக்கத்தில் மேலதிகாரிகளுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார். அவர் பாலத்தின் பக்கம் பார்த்தாரா இல்லையா என்பது தெரியவில்லை. கனகேஸ்வரி வந்த வழியே நடந்தார். கொட்டாஞ்சேனையில் இறங்கிக் கோயிலுக்குப் போகலாம் என்று நினைத்தவர், பஸ் அங்கே நின்றபோது எழும்பவில்லை. வெள்ளவத்தை வரைக்கும் அப்படியே இருந்தார்.

பிறகு வந்த வாரங்கள் நீளமாக இருந்தன. தம்பி ஞாயிறுகளில் எடுத்தான். என்ன புதினம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றார். முகத்துவாரக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சொன்னால், ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை என்பான். ஒரு வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. மேசையில் போட்டு, கதிரையில் இருந்து சாப்பிட்டார். மிச்சத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். அதை மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பிட்டார்.

ஒருநாள் நிஸாம் தொலைபேசியில் எடுத்தார்.

"பாஸ் மிஸ்" என்றார். "லைசன் வந்துட்டுது. நல்லா செஞ்சீக்கிறீங்க என்டு எழுதியும் ஈக்கிறாங்க."

"சந்தோஷம் நிஸாம். நீங்கள்தான் செய்தது."

"இல்ல மிஸ். நீங்க."

பிறகு இருவரும் பேசவில்லை. ஜீப்பிலும் அப்படிப் பேசாமல் போன நேரங்கள் உண்டு. அப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இப்போது பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது.

"சரி மிஸ். ஒரு நாளக்கி வாங்க" என்றார் அவர்.

"வாறன்" என்றார் கனகேஸ்வரி. எந்த நாள் என்று அவர் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு முகத்துவாரத்திலிருந்து வந்த அழைப்பு இராமலெட்சுமியுடையது. பேத்திக்கு இப்போது பரவாயில்லை என்றார். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டிருக்கிறார்கள். நிஸாம்தான் மெஷின் கொண்டுவந்து இறைத்தாராம். "இப்ப தண்ணி எப்பிடி இருக்குன்னு ஒருக்கா பாத்துச் சொல்ல முடியுமாக்கா? ஒங்களுக்குச் சிரமம்னா வேணாம்."

சிரமம் இல்லை என்றார் கனகேஸ்வரி. மருதானையில் போத்தல் வாங்கிக்கொண்டு போனார். இராமலெட்சுமி வாளியை இறக்க, இவர் நிரப்பினார். பேத்தி ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே ஐஸ் பழம் இல்லை என்று ஏமாந்தது. நிஸாமின் வீட்டுப் பக்கமிருந்து சாணம் வழிக்கும் சத்தம் கேட்டது. ஹோஸின் சத்தம் இல்லை.

வேலையை முடித்துக்கொண்டு ஒழுங்கையால் வரும்போது நிஸாம் கேற்றில் நின்றார். யாரோ சொல்லியிருக்கவேண்டும். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். இருவரும் பஸ் தரிப்பிடம் வரை நடந்தார்கள்.

"நல்லா வருமா மிஸ், தண்ணி?"

"இப்ப உடன நல்லா வராது. மணலுக்குள்ள இறங்கினது கழுவுப்பட்டுப் போக நாள் எடுக்கும். ஒவ்வொரு மாசமும் பார்க்க வேணும்."

"மாசா மாசம் நீங்க வருவீங்களா?"

"வருவன்."

நிஸாம் தலையாட்டினார். புத்தளத்துக்குப் போன மாடுகளில் ஒன்று கன்று போட்டிருப்பதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கனகேஸ்வரி கேட்டார். தெரியாது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றார்.

பஸ் வந்தது. நிஸாம் பெட்டியை ஏற்றி, சீட்டுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு இறங்கினார். கனகேஸ்வரி ஜன்னலோரம் இருந்தார். கையை அசைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. ஐஸ் உருகுவதற்கு முன்னால் மருதானையில் கொடுத்துவிடவேண்டும். ஒரு காலால் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.